‘விட்டுடுமோ’: முழங்கால் உறுதியை அளந்த வரலாறு

(சற்று நீண்ட பதிவு. மொழியியல், மருத்துவ வரலாறு, இயன்முறை மருத்துவம் ஆகிய துறைகளில் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

சில மாதங்களுக்கு முன்பு, ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் அண்ணன் ஒருவருடன் மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். அவர் மூட்டை தூக்கும் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் கபடி ஆடுபவர். ஆட்டமொன்றில் எதிரணியினர் மடக்கிப் பிடித்தபோது பாதம் மண்ணில் ஊன்றியிருக்க முழங்கால் மட்டும் திரும்பிவிட்டது. முன் குறுக்குப் பிணைநார் அறுந்தது. மறுசீரமைப்பு அறுவை முடிந்து அப்போது ஒன்பதாம் மாதம். அவருக்குத் தமிழும் சந்தைக் கன்னடமும் தெரியும். மருத்துவமனையில் நிரப்ப வேண்டிய படிவங்களோ ஆங்கிலத்தில் இருந்தன. ‘படிச்ச தம்பி’ என்ற தகுதியில் நான் உடன் சென்றேன்.

முதலில் மருத்துவர் தம் கைகளால் முழங்காலை அசைத்துப் பார்த்தார். அடுத்து, கீழ்க்காலில் ஒரு கருவியைக் கட்டி இழுத்தார்கள். நலமான காலுக்கும் அறுவை செய்த காலுக்கும் 2 மில்லிமீட்டர் வேறுபாடு. இயல்பு நிலை என்றார்கள். இறுதியாக வினாப்படிவங்கள் வந்தன. முழங்கால் பிடிப்பிழந்து விட்டுக்கொடுக்கிறதா என்ற வினாவை நான் தமிழில் கேட்டேன். அவர் சொன்னார்: “விடல தம்பி. ஆனா படியிறங்குறப்பல்லாம் விட்டுடுமோன்னு இருக்கு.”

‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தில் நான் குறியிட்டேன். விடையின் முதற்பாதிக்கு அது சரியான மொழிபெயர்ப்புதான். இரண்டாம் பாதிக்கு அப்படிவத்தில் இடமில்லை. அந்த இரண்டாம் பாதி எங்கே போயிற்று என்ற கேள்வியே இப்பதிவை எழுதத் தூண்டியது.

*

சொற்களிலிருந்து தொடங்குவோம். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாரை மருத்துவமனையில் ‘லிகமென்ட்’ என்கிறார்கள்; நூல்களில் பிணைநார், தசைநார் எனப் பல வழக்குகள் உண்டு. தெருவில் வழங்கும் சொல் ‘ஜவ்வு’. அறுந்தது பிணைநாராயினும் எலும்புகளுக்கிடையே உள்ள குருத்தெலும்புத் தட்டாயினும் ‘முட்டி ஜவ்வு கிழிஞ்சிடுச்சு’ என்பதே மக்கள் வழக்கு.

முன் குறுக்குப் பிணைநாரின் முதன்மைப் பணிகள் இரண்டு. கீழ்க்கால் எலும்பு தொடை எலும்பின் அடியிலிருந்து முன்னோக்கி வழுக்கிவிடாமல் தடுப்பது ஒன்று. மூட்டு மிகையாகத் திருகிக்கொள்ளாமல் காப்பது மற்றொன்று. அது அறுந்தால் இரண்டு விளைவுகள் நேரலாம். முதலாவது தளர்வு: எலும்பு எவ்வளவு தூரம் வழுக்குகிறது என்பது, இதைப் பிறர் அளக்க இயலும். இரண்டாவது நிலையின்மை: நடக்கும்போது, திரும்பும்போது, இறங்கும்போது கால் கைவிடுவதாக அக்காலுக்குரியவர் உணர்வது; இதை அவர் மட்டுமே சொல்ல இயலும். ‘தளர்’ என்னும் வினையும் ‘நில்’ என்னும் வினையும் தமிழில் தெளிவாக வேறானவை. ஆயினும் முழங்காலை அளந்த வரலாற்றின் பெரும்பகுதியில் முதலாவதை அளந்தால் இரண்டாவதையும் அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கையே நிலவியது.

*

இவ்வரலாறு கையில் தொடங்குகிறது. பெர்கமத்தில் கிளாடியேட்டர்களுக்கு மருத்துவம் பார்த்த கேலன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே மூட்டைத் தாங்குவதில் பிணைநார்களுக்குப் பங்குண்டு என்பதை விளக்கினார். 1836இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் மனித நடையின் இயங்கியலை ஆராய்ந்த நூலில், குறுக்குப் பிணைநார்கள் மூட்டின் முன்பின் அசைவை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதை எழுதினார்கள். 1875இல் பாரிஸில் தம் ஆய்வேட்டை அளித்த நூலிஸ், முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறுகையால் கீழ்க்காலை முன்பின்னாக அசைத்துச் சோதிக்கும் முறையை விவரித்தார். இம்முறை பெரிதும் மறக்கப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பிறகு, 1976இல், ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசஃப் டோர்க் அதே வகைச் சோதனையைத் தம் ஆசிரியர் ஜான் லாக்மனின் பெயரால் வெளியிட்டார். இன்று உலகெங்கும் அது லாக்மன் சோதனை எனப்படுகிறது.

அதற்கு முன் பெருவழக்காயிருந்தது முழங்காலை 90 பாகைக்கு மடக்கி இழுக்கும் சோதனை. அந்நிலையில் தொடையின் பின்தசை இறுகி அசைவைத் தடுத்துவிடுவதால் அறுந்த நாரும் அறுபடாததுபோல் தோன்றக்கூடும். 20 முதல் 30 பாகை வரை மட்டும் மடக்கினால் அத்தடை குறைகிறது. ஒரே கை, ஒரே இழுப்பு. மடக்கும் கோணம் மாறியதால் அறியப்படும் உண்மையும் மாறியது.

1972இல் டொராண்டோவைச் சேர்ந்த கால்வே, மெக்கின்டாஷ் முதலியோர் விவரித்த சோதனை இன்னொரு வகை. அதில் முழங்காலைத் திருகியபடி மடக்குவார்கள். நழுவிய எலும்பு ஒரு கோணத்தில் சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பும். இதன் தரநிலைகள் எண்களாக இல்லை, சொற்களாக இருக்கின்றன: சமம், வழுக்கல், ‘கிளங்க்’, மிகைநழுவல். மூன்றாவது தரம் ஆங்கிலத்தின் ஒலிக்குறிப்புச் சொல் என்பதை மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். நாம் ‘மடக்’ என்போம். அறிவியல் அளவுகோலின் நடுவே ஓர் ஒலிக்குறிப்புச் சொல் அமர்ந்திருக்கிறது. அந்த ‘மடக்’கை எண்ணாக மாற்ற எவருக்கும் எளிதில் கைகூடவில்லை.

*

அறுவையின் வரலாறு இதற்கு இணையாக நகர்ந்தது. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன், மண்சரிவில் முழங்கால் சிதைந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் குறுக்குப் பிணைநார்களைத் தைத்தார். 1917இல் பிரிஸ்டலின் ஹே குரோவ்ஸ் தொடையின் பக்கவாட்டுப் பட்டையிலிருந்து நாரெடுத்துப் புதிய பிணைநாரை அமைத்தார். 1963இல் அமெரிக்காவின் கென்னத் ஜோன்ஸ் முழங்கால் சில்லின் கீழுள்ள தசைநாணின் நடுப்பகுதியைப் பயன்படுத்தினார். இன்று செய்யப்படும் அறுவைகள் இவற்றின் வழிவந்தவையே.

ராப்சனின் அறுவையில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தம் அறுவை வெற்றி பெற்றது என்பதற்கு, ஆறாண்டுகளுக்குப் பின் அவர் முன்வைத்த சான்றுகளுள் ஒன்று அத்தொழிலாளியின் சொல். கால் முழு வலிமையுடன் இருப்பதாக அவரே சொன்னார் என்று மருத்துவர் பதிவுசெய்தார். முழங்கால் உறுதியின் முதல் அளவுகோல்களில் ஒன்று, ஓர் உழைப்பாளியின் வாய்மொழி.

*

அந்த வாய்மொழி அடுத்த எண்பது ஆண்டுகளில் மெல்லப் பின்னுக்குச் சென்றது. மருத்துவர்கள் பெருகினார்கள், அறுவை முறைகள் பெருகின. எது சிறந்தது என ஒப்பிட வேண்டியதாயிற்று. ஒருவரது கை ‘சற்றுத் தளர்வு’ என்பதும் இன்னொருவரது கை ‘மிகுந்த தளர்வு’ என்பதும் ஒன்றா, வேறா? கை பொய்யுரைப்பதில்லை, ஆனால் இரண்டு கைகள் ஒரே மொழியில் பேசுவதில்லை.

இத்தேவையிலிருந்து பிறந்தது கே.டி.-1000. சான் டியேகோவின் மெட்மெட்ரிக் நிறுவனம் உருவாக்கிய இக்கருவியைக் கொண்டு டேல் டேனியலும் அவர்தம் குழுவினரும் 1985இல் முதன்மையான ஆய்வுகளை வெளியிட்டனர். கருவி கீழ்க்காலின் முன்புறம் பட்டைகளால் கட்டப்படும். ஒரு திண்டு முழங்கால் சில்லின்மீதும் இன்னொன்று அதன் கீழுள்ள எலும்பு முனையின்மீதும் படியும். சோதிப்பவர் கைப்பிடியை இழுக்க, குறிப்பிட்ட விசைகளை எட்டும்போது கருவி ஒலியெழுப்பும்: 15 பவுண்டு, 20 பவுண்டு, 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 67, 89, 134 நியூட்டன். இரு திண்டுகளுக்கிடையே ஏற்படும் இடப்பெயர்ச்சியை முகப்பு மில்லிமீட்டரில் காட்டும்.

பிறவியிலேயே தளர்ந்த மூட்டுடையோரும் இறுகிய மூட்டுடையோரும் உண்டு. ஆதலால் ஒரு காலின் அளவு தனியே பொருளற்றது. இரு கால்களின் வேறுபாடே பொருளுடையது. அவ்வேறுபாடு 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நார் அறுந்திருக்கலாம் எனக் கொள்ளப்பட்டது. 1987இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவர்கள் கூடி அமைத்த பன்னாட்டு முழங்கால் ஆவணக் குழு, 1993இல் வெளியான தன் படிவத்தில் இதைத் தரவரிசையாக்கியது. 2 மில்லிமீட்டர் வரை இயல்பு. 3 முதல் 5 வரை ஏறத்தாழ இயல்பு. 6 முதல் 10 வரை இயல்பற்றது. அதற்கு மேல் கடுமையாக இயல்பற்றது.

இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. லிங்ஷோப்பிங்கில் செய்த அறுவையையும் சென்னையில் செய்த அறுவையையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடும் வழி திறந்தது. ஆனால் இக்கருவி அளப்பது, படுத்திருக்கும் ஒருவர் தசைகளை முற்றிலும் தளர்த்தியிருக்கும் நிலையில் அவரது மூட்டு எவ்வளவு வழுக்குகிறது என்பதை. படியில் இறங்குபவரோ மூட்டை சுமப்பவரோ தசைகளைத் தளர்த்தியிருப்பதில்லை.

*

1990களின் பிற்பகுதியில் அந்த இடைவெளி எண்களாகவே வெளிப்பட்டது. 1997இல் லின் ஸ்னைடர்-மேக்லரும் உடனாய்வாளர்களும், நார் அறுந்த நிலையிலும் உயர்மட்ட விளையாட்டுக்குத் திரும்பியவர்களையும் அன்றாட வாழ்விலேயே கால் விட்டுப்போகிறவர்களையும் ஒப்பிட்டனர். மில்லிமீட்டர்த் தளர்வு இவ்விரு சாராரையும் பிரித்துக் காட்டவில்லை. 2004இல் மினிண்டர் கோச்சரும் உடனாய்வாளர்களும், மறுசீரமைப்பு அறுவை செய்துகொண்டோரிடையே, கருவியின் அளவும் லாக்மன் சோதனையும் நோயாளியின் அறிகுறிகளோடு தொடர்புறவில்லை எனக் கண்டனர். தொடர்புற்றது, ‘மடக்’ என்று ஒலிக்கும் அந்தத் திருகு சோதனைதான். எண்ணாக மாற அடம்பிடித்த சோதனையே உணர்வுக்கு நெருக்கமாக இருந்தது.

இதற்கிடையே நோயாளியின் சொல்லும் எண் வடிவில் திரும்பத் தொடங்கியிருந்தது. சுவீடனின் லைஷோமும் கில்குவிஸ்டும் 1982இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். 1985இல் டெக்னருடன் சேர்ந்து லைஷோம் அதைத் திருத்தினார். மொத்தம் 100. வலிக்கு 25, நிலையின்மைக்கு 25, மூட்டு பூட்டிக்கொள்வதற்கு 15, வீக்கத்துக்கு 10, படியேறுதலுக்கு 10, நொண்டுதல், ஊன்றுகோல், குந்துதல் ஆகியவற்றுக்குத் தலா 5.

குந்துதலுக்கு 5. சற்றும் குந்த இயலாத ஒருவர் ஏனையவற்றில் குறையின்றியிருந்தால் 95 பெறுவார். வழக்கமான வகைப்பாட்டில் அது மிகச்சிறப்பு. தரையில் அமர்ந்து உண்டு, குந்தித் துணி துவைத்து, குந்தும் கழிப்பறையைப் பயன்படுத்தி வாழும் வீடுகள் எங்கள் தெருவில் இன்றும் பல. அங்கே அந்த ஐந்து மதிப்பெண் ஒரு நாளின் பாதி.

1985இல் டெக்னர் உடன்வெளியிட்ட செயல்பாட்டு அளவுகோல் 0 முதல் 10 வரை செல்கிறது. உச்சியில் தேசிய, பன்னாட்டுக் கால்பந்து வீரர்கள். கட்டடவேலை போன்ற கடும் உடலுழைப்பு ஐந்தாம் படியில் நிற்கிறது. அதற்கு மேலுள்ள படிகள் அனைத்தும் விளையாட்டுக்குரியவை. பனிச்சறுக்கு அதில் உண்டு, கபடி இல்லை. மூட்டை தூக்கும் எங்கள் அண்ணன் உழைப்பால் எவ்வளவு முயன்றாலும் ஐந்தைத் தாண்ட முடியாது.

1998இல் எவா ரூஸ் முதலியோர் வெளியிட்ட, 42 வினாக்கள் கொண்ட ‘கூஸ்’ படிவத்தையும் நோக்குவோம். ஐந்து பிரிவுகளுள் ஒன்று அன்றாட வாழ்வு. அதில் காலுறை அணிதல், காலுறை கழற்றுதல், குளியல் தொட்டியில் இறங்கி ஏறுதல் ஆகிய வினாக்கள் உள்ளன. குந்துதலும் மண்டியிடுதலும் எங்கே? ஓடுதல், குதித்தல் ஆகியவற்றோடு சேர்ந்து ‘விளையாட்டும் பொழுதுபோக்கும்’ என்ற பிரிவில். ஒரு சமூகத்தின் அன்றாடம் இன்னொரு சமூகத்தின் பொழுதுபோக்காக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. இதை உருவாக்கியோரின் குற்றமாக நான் கருதவில்லை. அவர்கள் தம்மைச் சுற்றியிருந்தோரிடம் கேட்டு உண்மையாகவே எழுதினார்கள். வினாப்படிவமும் ஒரு பனுவல். அதற்கும் ஊர் உண்டு.

*

இனி அந்த ‘ஓ’வுக்கு வருவோம். ‘விட்டுடுது’ என்பது நிகழ்ச்சி. ‘விட்டுடுமோ’ என்பதில் எதிர்கால வினையோடு ஐயப்பொருள் தரும் ஓகாரம் சேர்ந்திருக்கிறது. அது நிகழாத ஒன்றைப் பற்றிய அச்சம். லைஷோமின் நிலையின்மை வினா நிகழ்ச்சியைக் கேட்கிறது: எத்தனை முறை, எத்தகைய உழைப்பின்போது? ஓகாரத்தை அது கேட்பதில்லை.

அதைக் கேட்ட படிவம் 2008இல் வந்தது. மெல்போர்னைச் சேர்ந்த கேட் வெப்ஸ்டர், ஜூலியன் ஃபெல்லர் முதலியோர் 12 வினாக்களில், மீண்டும் ஆட்டத்துக்குத் திரும்புவோரின் நம்பிக்கை, உணர்ச்சி, ஆபத்து குறித்த மதிப்பீடு ஆகியவற்றை அளந்தனர். முழங்கால் விட்டுவிடுமோ என்ற கவலை அங்கே அளக்கத்தக்க பொருளாயிற்று. 1895இன் சுரங்கத் தொழிலாளியிடம் கேட்கப்பட்டது ஒரு நூற்றாண்டு சுற்றி மீண்டும் கேட்கப்படுகிறது: உன் காலை நீ நம்புகிறாயா?

2016இல் ஹெகே கிரின்டெமும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு இங்கு முக்கியமானது. அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் வீதம் 51 விழுக்காடு குறைந்தது. அவர்கள் வகுத்த தேர்ச்சி விதிகளில் தொடை முன்தசையின் வலிமை, ஒற்றைக்காலில் தாண்டும் நான்கு சோதனைகள், நோயாளியே இடும் மதிப்பெண்கள் ஆகியவை இருந்தன. இரு கால்களுக்கிடையே குறைந்தது 90 விழுக்காடு ஒப்புமை வேண்டும். மில்லிமீட்டர் அப்பட்டியலில் இல்லை.

*

பெங்களூரில் வாழ்வோர் அறிந்த ஒரு முழங்காலைச் சொல்லி முடிக்கிறேன். 2022 டிசம்பர் 30 அன்று ரூர்க்கி அருகே கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பந்த்துக்கு, 2023 ஜனவரியில் மும்பையில் வலது முழங்காலின் பிணைநார் அறுவை நடந்தது. பின்னர் இந்நகரின் தேசிய கிரிக்கெட் அகாதெமியில் அவர் நீண்ட மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். 14 மாதங்கள் கடந்து, 2024 மார்ச் 12 அன்று கிரிக்கெட் வாரியம் அவரைத் தகுதியுடையவராக அறிவித்தது. அவ்வறிவிப்பின் சொற்களைக் கவனியுங்கள்: விக்கெட் காப்பாளர்-மட்டையாளராக ஆடத் தகுதியுடையவர். ஒவ்வொரு பந்துக்கும் குந்தி எழ வேண்டிய பணி அது. அவருடைய முழங்கால் அவருடைய தொழிலைக் கொண்டு மதிக்கப்பட்டது.

ஒரு மூட்டை தூக்குபவரின் முழங்காலும் அவருடைய தொழிலைக் கொண்டு மதிக்கப்படுவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. குந்தி எழச் சொல்லலாம். சுமையோடு படியிறங்கச் சொல்லலாம். சம்மணமிட்டு அமர்ந்து கையூன்றாமல் எழச் சொல்லலாம். பிறகு, அவர் மொழியில் கேட்கலாம். விடையில் ஓகாரம் வந்தால் அதையும் எழுதிக்கொள்ளலாம்.

என் பங்குப் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலுறை வினாவைக் கேட்டபோது அண்ணன் சிரித்தார்: “நான் எப்பத் தம்பி சாக்ஸ் போட்டேன்?” ‘சிரமமே இல்லை’ என்று குறியிட்டேன். குளியல் தொட்டிக்கும் அவ்வாறே. செய்யாத செயல்களை இயலும் செயல்களாக்கி அவருடைய மதிப்பெண்ணை நானே உயர்த்தினேன். விடுபட்ட வினாக்களை ஒதுக்கிவிட்டு எஞ்சியவற்றின் சராசரி காண அப்படிவத்தில் வழியுண்டு என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். அன்றைய தாளில் அவர் நலமடைந்தவர். தாளில் நலமடைந்தவரிடம் மேற்கொண்டு பயிற்சிக்கு வரச் சொல்வதற்கு யாருக்கும் காரணமில்லை.

கடந்த வாரம் அவருடன் மீண்டும் சென்றேன். இம்முறை படிவத்தின் ஓரத்தில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதி, அடியில் ஆங்கிலத்தில் விளக்கினேன். இயன்முறை மருத்துவர் அதைப் படித்துவிட்டு அவரைப் படிக்கட்டுக்கு அழைத்துச் சென்றார். இறங்கும்போது அறுவை செய்த காலில் உடல் எடையை வைக்க அண்ணன் தயங்குவதை அப்போது எல்லோரும் கண்டோம். தொடைத் தசைக்கு மூன்று மாதப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. அதுவரை சுமை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவரால் எத்தனை வாரம் சுமக்காமல் இருக்க முடியும் என்பது வேறு கேள்வி.

வட்டார வழக்குகளில் முழங்கால் நிலையின்மையைக் குறிக்கும் சொற்களைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். ‘விட்டுடுது’, ‘மடங்கிடுது’, ‘பிடிப்பில்ல’, ‘பிசகுது’ என இதுவரை எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள்? நிகழ்ச்சியைச் சொல்லும் வடிவம், அச்சத்தைச் சொல்லும் வடிவம் ஆகிய இரண்டையும் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.